சிக்ரி மதிலுக்கு அந்தப் பக்கம்

வணக்கம் மக்களே. காரைக்குடி கல்லூரிச் சாலையில் நின்று பேசுகிறேன், பஸ் சத்தம் கொஞ்சம் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள். செட்டிநாடு வீடியோ என்றாலே ஆத்தங்குடிக் கல், ஆயிரம் ஜன்னல் வீடு, சாப்பாடு, அவ்வளவுதான். இங்கே இருக்கும் சிக்ரி என்ற மத்திய அரசு ஆய்வகத்தைப் பற்றி யாருமே எடுப்பதில்லை என்பது எனக்கு ரொம்ப நாள் ஆதங்கம்.

அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்ததால் நம் ஊருக்கு வந்த மின்வேதியியல் ஆய்வகம் இது, அதாவது மின்சாரமும் வேதியியலும் சேரும் பேட்டரி போன்றவற்றை ஆராயும் இடம். 1948-ல் நேரு அடிக்கல் நாட்டினார், 1953-ல் திறந்தார்கள். இங்கே விஞ்ஞானியாகச் சேர்ந்தவர்தான் கலைச்செல்வி அம்மா. சொந்த ஊர் அம்பாசமுத்திரம், படித்தது தமிழ்வழிப் பள்ளி. 2019-ல் சிக்ரியின் முதல் பெண் இயக்குநர். 2022 ஆகஸ்டில், சிக்ரியையும் சேர்த்து நாடு முழுக்க ஆய்வகங்கள் வைத்திருக்கும் மத்திய அரசின் அறிவியல், தொழில் ஆராய்ச்சி அமைப்பான சி.எஸ்.ஐ.ஆருக்கே தலைமை இயக்குநர், 1942-ல் தொடங்கிய அமைப்பில் அந்த நாற்காலியில் உட்கார்ந்த முதல் பெண்.

சரி, முதல் பெண் என்று கைதட்டிவிட்டுப் போய்விடுகிறோம், அவர் என்ன வேலை செய்தார் என்று கேட்கிறோமா? லித்தியம் அயன் பேட்டரிக்கான மின்முனைப் பொருள்கள், அதாவது பேட்டரியின் பிளஸ், மைனஸ் முனைகளைச் செய்யும் பொருள்கள், அதுதான் அவர் துறை. லித்தியத்துக்கு ஈரக்காற்று ஆகவே ஆகாது. அதனால் எதோடும் எளிதில் வினைபுரியாத ஆர்கான் வாயு நிரப்பிய ஒரு கண்ணாடிப் பெட்டி, அதிலேயே பொருத்திய நீளமான ரப்பர் கையுறைகள், வெளியே நின்றபடி அதற்குள் கையை விட்டு, வாட்ச் பேட்டரி அளவு செல்லைத் தகடு தகடாக அடுக்கி மூட வேண்டும். அப்புறம் அதில் சார்ஜை ஏற்றி இறக்கி, ஏற்றி இறக்கி, எத்தனை சுற்றுத் தாங்குகிறது என்று நாள்கணக்கில் பார்க்க வேண்டும். இதயத்துக்குப் பக்கத்தில் வைக்கிற பேஸ்மேக்கர் ஓடுவதும் லித்தியம் பேட்டரியில்தான், ஆக மருத்துவமும் லித்தியத்தை நம்பித்தான் இருக்கிறது.

இதை ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், "பிள்ளையை வெளியூர் அனுப்ப முடியாது, சயின்ஸ் எதற்கு" என்று ஒதுக்கிவிடும் வீடுகள் நம் பக்கம் இன்னும் இருக்கின்றன. பக்கத்துப் புதுக்கோட்டையில் பிறந்த முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் ஆண்கள் படித்த மகாராஜா கல்லூரியில், எதிர்ப்புக்கு நடுவில், சொந்த ஊரில்தான் படிப்பைத் தொடங்கினார்! 1912-ல் சென்னையில் டாக்டரானார். தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த அவர் 1954-ல் ஆரம்பித்த சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனை அப்போது 12 படுக்கைதான். அடுத்த வருடம் அங்கே சேர்ந்த டாக்டர் சாந்தா, 2021-ல் கண்மூடும் வரை அதை விட்டுப் போகவில்லை, காசில்லாதவருக்கும் வைத்தியம் உண்டு என்பதையும் விடவில்லை.

செப்டம்பர் 26 சி.எஸ்.ஐ.ஆர் நிறுவன நாள். அதையொட்டி ஆய்வகங்களைப் பொதுமக்களுக்குத் திறந்துவிடுவது வழக்கம். தேதியைச் சிக்ரியில் கேட்டுக்கொண்டு எட்டாவது, ஒன்பதாவது படிக்கிற பெண்பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வாருங்கள். ஆச்சிமார்களே, நீங்களும் வாருங்கள், பேத்தி படிப்பை முடிவு செய்யும்போது வீட்டில் உங்கள் பேச்சுக்குத்தான் மதிப்பு.