அணைந்த பிறகும் திரும்பத் திரும்ப எரியும் டயர் காற்றழுத்த விளக்கு: காரணத்தைக் கண்டுபிடிக்கும் முறை

[காட்சி: விடியற்காலை. திருவாரூரில் வாசலில் நிற்கும் கார். டாஷ்போர்டில் குதிரை லாட வடிவில், நடுவே ஆச்சரியக்குறியுடன் மஞ்சள் விளக்கு.]

வணக்கம். இந்த விளக்கு எரிந்தால் நம்மில் பெரும்பாலோர் பக்கத்துப் பெட்ரோல் பங்கில் நிறுத்தி, "நாலு வீலுக்கும் 33 வைங்க தம்பி" என்று சொல்லிவிட்டுப் புறப்படுகிறோம். விளக்கு அணைகிறது. ஐந்தாறு நாளில் மறுபடி எரிகிறது. என் காரில் சென்ற தை மாதம் முழுவதும் இப்படியே கழிந்தது. மூன்று முறை காற்று நிரப்பிய பிறகுதான், காற்று எங்கே போகிறது என்று தேட வேண்டும் என்ற எண்ணமே எனக்கு வந்தது.

முதலில் விளக்கு எரியும் விதத்தைக் கவனியுங்கள். வண்டியைக் கிளப்பியதும் சீராக எரிந்தால், ஏதோ ஒரு டயரில் காற்று குறைந்திருக்கிறது. ஒரு நிமிடம் அல்லது அதற்குச் சற்றுக் கூடுதலாக மினுக்கிவிட்டுப் பிறகு நிலையாக எரிந்தால், கோளாறு பெரும்பாலும் அளக்கும் அமைப்பிலேயே இருக்கிறது. அதைப் பிறகு பார்ப்போம்.

அளக்கும் அமைப்பு இரண்டு வகைப்படும். ஒன்றில், ஒவ்வொரு சக்கரத்துக்குள்ளும் வால்வோடு இணைந்த சென்சார் இருந்து, அழுத்தத்தை அளந்து வானொலி அலை மூலம் அனுப்பும். மற்றொன்றில் சக்கரத்துக்குள் எதுவும் கிடையாது, சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். பிரேக்கின் வேக சென்சார்களே வேலை செய்யும். காற்று குறைந்த டயரின் சுற்றளவு சற்றுச் சிறுத்து, அது மற்றவற்றைவிட வேகமாகச் சுழல்வதால், அந்த வேறுபாட்டைக் கொண்டு கணினி எச்சரிக்கிறது. உங்கள் வண்டி எந்த வகை என்பது கையேட்டில் இருக்கும். பழுதுபார்க்கும் வழி அதைப் பொறுத்தது.

[காட்சி: ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் தெரியும் ஸ்டிக்கர்.]

சரியான அளவு இந்த ஸ்டிக்கரில் இருக்கிறது. டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருப்பது அந்த டயர் தாங்கும் உச்ச அளவு; அதை வைக்கக் கூடாது. ஸ்டிக்கரில் உள்ள எண் குளிர்ந்த டயருக்கானது, அதாவது வண்டி குறைந்தது மூன்று மணி நேரம் நின்ற பிறகு அளக்க வேண்டியது. நம் ஊரில் பெரும்பாலும் தவறு நடக்கும் இடம் இதுதான். தஞ்சாவூரிலிருந்து கும்பகோணத்துக்கு உச்சி வெயிலில் ஓட்டிவந்து, டயருக்குள் காற்று 55 டிகிரி வரை சூடேறியிருக்கும்போது 33 வைத்தால், மறுநாள் விடியலில் 25 டிகிரியில் அதே டயர் 29 அளவுக்குத்தான் காட்டும். துளி காற்றும் தப்பியிருக்காது. பத்து டிகிரிக்கு ஏறத்தாழ ஒன்றரை பி.எஸ்.ஐ. (பங்கில் 33 என்று சொல்கிறோமே, அந்தக் காற்றழுத்த அளவு) என்று மனத்தில் கொள்ளலாம். அமெரிக்க விதிப்படி பரிந்துரைத்த அளவில் கால் பங்கு குறைந்தால் விளக்கு எரிய வேண்டும். 33-க்கு அது 25-ஐ ஒட்டி வரும். ஏற்கெனவே 29-இல் நிற்கும் டயர் அந்த எல்லையைத் தொட அதிக நாள் ஆகாது.

ஆகவே சொந்தமாக ஒரு காற்று கேஜ் வாங்கிக்கொள்ளுங்கள். காலையில் வண்டியை எடுக்கும் முன் நான்கு டயரையும் அளந்து, தேதியோடு எழுதுங்கள். மூன்று நாள் கழித்து அதே நேரத்தில் மறுபடி அளந்து பாருங்கள். நான்கும் ஒரே அளவு குறைந்தால் வெப்பநிலையும் நாட்பட்ட இயல்பான கசிவும்தான் காரணம். மாதத்துக்கு ஒன்றிரண்டு பி.எஸ்.ஐ. குறைவது எந்த டயருக்கும் வழக்கம். ஒன்று மட்டும் தனித்து இறங்கினால் அதில் ஓட்டை இருக்கிறது. என் நோட்டில் மூன்று டயர்கள் அசையாமல் நிற்க, முன் இடது டயர் 33-இலிருந்து 30-க்கு இறங்கியிருந்தது.

[காட்சி: சோப்புத் தண்ணீரில் நனைத்த துணி.]

வால்வு மூடியைக் கழற்றி அதன் வாயில் ஒரு சொட்டு சோப்புத் தண்ணீர் விடுங்கள். குமிழி வீங்கினால், வால்வுக்குள் காற்றை அடைத்து நிறுத்தும் 'பின்' என்ற சிறு ஊசி தளர்ந்திருக்கிறது அல்லது தேய்ந்திருக்கிறது, செலவு சொற்பம். பிறகு டயரின் ஓடுபரப்பை உள்ளங்கையால் தடவிப் பாருங்கள். ஆற்றங்கரைச் சாலைகளில் சீமைக்கருவேல முள் ஏராளம். அது குத்தி, வெளியே நீட்டிய பகுதி ஒடிந்து, நுனி மட்டும் உள்ளேயே தங்கிவிடும். அந்த நுனியே துளையைப் பாதி அடைப்பதால் காற்று நாள்கணக்கில் சொட்டுச் சொட்டாக வெளியேறும்.

என் டயரில் முள் இல்லை. பஞ்சர் கடை அண்ணன் சக்கரத்தைத் தண்ணீர்த் தொட்டியில் அமிழ்த்தி மெல்லச் சுழற்றியபோது, ரிம்மும் டயரும் சேரும் விளிம்பில், கடுகளவுக் குமிழிகள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தன. டயரைப் பிரித்ததும் அலாய் ரிம்மின் உட்புற விளிம்பில் வெண்பொடி பூத்திருந்தது. "வேளாங்கண்ணிப் பக்கம் அடிக்கடி போறீங்களா?" என்று கேட்டார். வாரம் இருமுறை போகிறேன். நாகப்பட்டினம், வேதாரண்யக் கடற்கரைகளின் உப்புக்காற்றில் அலுமினியம் அரித்து, டயர் பொருந்தும் பரப்பு கரடாகிவிடும். அவர் உப்புத்தாளால் விளிம்பைச் சுத்தமாகத் தேய்த்து, கசிவை அடைக்கும் ரிம் சீலர் பூசி மாட்டிக் கொடுத்தார். இத்தகைய கசிவை எத்தனை முறை காற்று அடித்தாலும் நிறுத்த முடியாது.

முள் துளையாக இருந்தால், டயரைக் கழற்றி உட்புறத்திலிருந்து காளான் வடிவ பேட்ச் போடச் சொல்லுங்கள். வெளியிலிருந்து குச்சி செருகுவது அவசரத்துக்கு மட்டும். பக்கவாட்டில் துளை என்றால் பேட்ச் எதுவும் வேண்டாம், டயரை மாற்றியாக வேண்டும். சென்சார் உள்ள சக்கரத்தில் டயரைக் கழற்றும் முன் அதைச் சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் நெம்புகோல் பட்டு சென்சார் உடையும். அதன் வால்வில் சாதாரணப் பித்தளைப் பின்னைப் போட்டால் உப்புக்காற்றில் இறுகி, கழற்றவே முடியாமல் போகும். நிக்கல் பூசிய பின்னைக் கேட்டு வாங்குங்கள்.

வேக சென்சார் வகை வண்டிகளில், காற்றைக் குளிர்ந்த நிலையில் சரியாக வைத்த பிறகே எச்சரிக்கை அமைப்பை ரீசெட் செய்ய வேண்டும். குறைந்த காற்றோடு ரீசெட் செய்தால், கணினி அந்தக் குறையையே சரியான அளவாகப் பதிந்துகொண்டு, உண்மையான ஆபத்தின்போது மௌனமாக இருந்துவிடும்.

இனி மினுக்கும் விளக்கு. சக்கரத்துள் சென்சார் இருக்கும் வகையில் அதன் பேட்டரி ஐந்து முதல் பத்து ஆண்டு உழைக்கும். அது பிரிக்க முடியாதபடி மூடப்பட்டிருப்பதால் சென்சாரையே மாற்ற வேண்டும். ஸ்கேனர் வைத்திருக்கும் பட்டறையில் எந்தச் சக்கரத்தின் சென்சார் பேசவில்லை என்று பார்த்துவிட்டு, அதை மட்டும் வாங்கி, வண்டியின் கணினியில் பதிவு செய்யச் சொல்லுங்கள்.