பட்டுப்புழுவின் மருந்தும் மெடிக்கல் கடை மாத்திரையும்

(கோபிசெட்டிபாளையத்தில் பட்டு விவசாயிகள் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

தலைமை ஏற்றிருக்கும் சங்கத் தலைவர் அய்யா அவர்களே, கால்நடை மருத்துவர் அம்மா அவர்களே, உடுமலையில் இருந்து பஸ் ஏறி வந்திருக்கும் விவசாயிகளே, அழைப்பை மதித்து நாமக்கல்லில் இருந்து வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் கோழிப்பண்ணை உரிமையாளர்களே, நாளெல்லாம் புழு மனையில் இலை போடும் அக்கா தங்கைகளே, வணக்கமுங்க. பொன்னாடைக்குப் பதிலாகப் பட்டுக்கூட்டு மாலை போட்டீர்கள். அதற்குத் தனியாக நன்றி.

மூன்று செய்தி சொல்ல வந்திருக்கிறேன். புழு தன் உடம்பில் கிருமியை எப்படிக் கொல்கிறது, அந்த மருந்து நம் கைக்கு வர ஏன் தாமதமாகிறது, அதுவரை நாம் என்ன செய்ய வேண்டும். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பார்கள். மூன்றுக்கும் அதுதான் அடிப்படை.

1981இல் சுவீடனில் ஹான்ஸ் போமன் குழுவினர், செக்ரோபியா என்ற காட்டுப் பட்டுப்பூச்சியின் கூட்டுப்புழுவில் ஒரு சின்னப் புரதத்தைக் கண்டார்கள். செக்ரோபின் என்று பெயர். முப்பத்துச் சொச்சம் அமினோ அமிலம்தான் அதன் நீளம். நீங்கள் வளர்க்கும் புழுவிலும் இந்த வகை உண்டு. கிருமியைக் கொல்லும் இந்தச் சின்னப் புரதங்களைப் பெப்டைடு என்கிறார்கள்.

இந்தப் பெப்டைடு நேர் மின்னேற்றம் உள்ளது. பாக்டீரியாவின் மேல்சவ்வு எதிர் மின்னேற்றம் உள்ளது. அதனால் போய் ஒட்டிக்கொள்கிறது. நம் செல்லின் வெளிப்பக்கம் பெரும்பாலும் மின்னேற்றம் இல்லாத கொழுப்பு, கூடவே கொலஸ்ட்ரால். அங்கே அவ்வளவாக ஒட்டாது. ஒட்டிய பெப்டைடுகள் போதுமான அளவு சேர்ந்ததும் சவ்வு கலைகிறது. எப்படிக் கலைகிறது என்பதற்குப் பல விளக்கங்கள் உண்டு. ஒன்றின்படி, பட்டியைச் சுற்றிக் கிளுவங்குச்சி நட்ட மாதிரி அவை வட்டமாக நிற்க, நடுவில் துளை விழுகிறது. உள்ளே இருக்கும் உப்பும் சத்தும் வெளியேறி பாக்டீரியா சாகிறது. தாக்குவது சவ்வையே என்பதால் தப்பிக்க வழி கண்டுபிடிப்பது கிருமிக்குச் சுலபமில்லை. ஆனால் முடியாதது அல்ல. அதைத்தான் நான் அழுத்திச் சொல்ல வந்தேன்.

கோலிஸ்டின் என்ற மருந்தும் பெப்டைடு வகைதான். வேறு எந்த மருந்துக்கும் மசியாத கிருமிக்குக் கடைசியாகக் கொடுப்பது. அதையே பல நாடுகளில் பன்றிக்கும் கோழிக்கும் தீவனத்தில் கலந்தார்கள். 2015இல் சீனாவில் எம்.சி.ஆர்-1 என்ற மரபணு கண்டுபிடிக்கப்பட்டது. அது பாக்டீரியாவின் மேல்சவ்வு மின்னேற்றத்தைக் குறைத்துவிடும், மருந்து ஒட்டாது. ஒரு பாக்டீரியா இன்னொன்றுக்கு அந்த மரபணுவைக் கைமாற்றியும் விடும். 2019இல் நம் நாட்டில் உணவுக்கான கால்நடைகளுக்குக் கோலிஸ்டினைத் தடை செய்தார்கள். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு. பெப்டைடும் விதிவிலக்கல்ல.

ஒரு மெடிக்கல் கடையில் நின்றுகொண்டிருந்தேன். ஒரு பெரியவர் வந்தார். "தம்பி, போன தடவ குடுத்தீங்களே, செவப்பும் மஞ்சளுமா, அந்த மாத்தர ரெண்டு குடுங்க. சளியுங்க." கடைக்காரர் அட்டையை எடுத்துக் கத்தரியால் ரெண்டை வெட்டினார். அட்டையின் பின்பக்கச் சிவப்புக்கோடு மிச்சத் துண்டோடு டப்பாவுக்குள் போய்விட்டது. சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது என்பதற்கான கோடு அது. "ரெண்டு போதுங்களா அய்யா?" என்று கேட்டேன். "ரெண்டுக்கு மேல போட்டா சூடுங்க. போன தடவ மிஞ்சுனத ஆட்டுக்குட்டிக்குக் கரைச்சு ஊத்துனனுங்க, அதுவும் நல்லாத் துள்ளுச்சு" என்றார். பக்கத்தில் நின்ற அம்மணி உடனே, "எனக்கும் அதுல ரெண்டு குடுங்க, எங்கூட்டு ஆடும் சொணங்கிக் கெடக்குது" என்றார். கடைக்காரர் அவருக்கும் வெட்டிக் கொடுத்தார்! சாதாரண சளி வைரஸால் வருவது. அந்த மாத்திரை பாக்டீரியாவைக் கொல்லும் ஆன்டிபயாடிக், வைரஸை ஒன்றும் செய்யாது. ஆனால் அவர் குடலிலும் ஆட்டின் குடலிலும் இருக்கும் பாக்டீரியாவில் தாங்கிப் பிழைப்பவை பெருகும்.

பெப்டைடு மருந்து ஏன் தாமதம் என்பதை விரிவாகப் பேச நேரமில்லை. வாயால் விழுங்கினால் செரித்துவிடும், சில வகை நம் சிவப்பணுவையும் உடைக்கும் என்பதை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஆகவே இருக்கிற மருந்தைத்தான் காப்பாற்ற வேண்டும்.

கோழிப்பண்ணை அண்ணன்மார் கால்நடை மருத்துவர் சொல்லாமல் ஆன்டிபயாடிக் வாங்க வேண்டாம். மெடிக்கல் கடைகள் சீட்டில்லாமல் கொடுக்க வேண்டாம். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்ற வரியை ஒவ்வொரு கடை வாசலிலும் எழுத வைக்க வேண்டும் என்பது என் ஆசை. ஜனவரி 26 கிராம சபையில் உங்கள் ஊராட்சியில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவாருங்கள். தீர்மான வாசகத்தை அச்சடித்து வைத்திருக்கிறோம். பந்திக்குப் போகிற வழியில் மேசை போட்டிருக்கிறது; ஊராட்சிக்கு ஒரு தாள் எடுத்துக்கொண்டு, பெயரும் போன் நம்பரும் எழுதிவிட்டுச் சாப்பிடப் போங்க.