ஊசி போட வந்தவர்கள் ஏன் திரும்பிப் போகிறார்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

தடுப்பூசி என்றதும் பேச்சு பெரும்பாலும் ஒரே பக்கமாகப் போய்விடுகிறது. மக்களுக்குப் பயம், வதந்தியை நம்புகிறார்கள், அக்கறை இல்லை என்று சொல்லி முடித்துவிடுகிறோம். அப்படிப்பட்டவர்கள் இல்லாமல் இல்லை. ஆனால் தடுப்பூசி அறையில் பல வருஷம் செவிலியராக வேலை பார்த்த என் மனதில் நிற்பவர்கள் வேறு ஆட்கள். ஊசி வேண்டும் என்று தாங்களாகவே கேட்டு, அதற்கு ஒரு நாள் கிடைக்காமல் அலைந்து, கடைசியில் விட்டுவிட்டவர்கள். அவர்களைப் பற்றிப் பேசத்தான் இன்றைக்கு வந்திருக்கிறேன்.

முன்பதிவு என்பது கேட்பதற்குச் சுலபமாக இருக்கும். போன் செய்தால் போதும், இல்லையென்றால் இணையதளத்தில் பெயரைப் போட்டு ஒரு நாளைத் தேர்ந்தெடுத்தால் போதும் என்பார்கள். போன் செய்து பாருங்கள். முதலில் மணி அடித்துக்கொண்டே இருக்கும். அப்புறம் இந்த எண்ணை அழுத்துங்கள், அந்த எண்ணை அழுத்துங்கள் என்று ஒரு பதிவுசெய்த குரல். அதையும் தாண்டி ஒரு மனிதர் வந்தால், “இங்கே பதிவு செய்ய முடியாது, உங்கள் பகுதி சுகாதார நிலையத்தில் கேளுங்கள்” என்பார். அங்கே கேட்டால், “எல்லாம் தலைமை அலுவலகத்தில்தான்” என்பார்கள். இந்த இரண்டு வாசலுக்கும் நடுவே நிற்பவர், பெரும்பாலும், மடியில் கைக்குழந்தையோடு இருக்கும் தாய்.

இணையதளத்தின் கதை வேறு. குறிப்பிட்ட நேரத்தில் இடங்கள் திறக்கும், பல சமயம் சில நிமிடங்களில் நிரம்பிவிடும். அந்த நேரத்தில் வேலையில் இருப்பவருக்கு, மெதுவான இணையம் உள்ளவருக்கு, எழுத்துக்கூட்டிப் படிப்பவருக்கு அது திறந்ததே தெரியாது. ஓடிபி வரவேண்டிய எண் வெளியூரில் இருக்கும் மகனுடையதாக இருக்கும். ஓர் ஆவணத்தில் பெயர் ஒரு மாதிரியும் இன்னொன்றில் வேறு மாதிரியும் இருந்தால், அப்படி ஒரு ஆளே இல்லை என்று கணினி சொல்லிவிடும். வீடு மாறி வந்தவரிடம், “உங்கள் முகவரி எங்கள் எல்லையில் வராது” என்று சொல்லும். பிறந்து சில நாளே ஆன, இன்னும் பெயர் வைக்காத குழந்தைக்குப் பதிவு செய்யப் போனால், பெயர் என்ற கட்டத்தை நிரப்பாமல் படிவம் நகராது. மறுப்பு சொல்ல யாருமே இல்லை. ஆனாலும் ஊசி போடப்படவில்லை.

இப்படி விடுபட்டவர்கள் கணக்கில் எப்படித் தெரிகிறார்கள்? ‘வரவில்லை’ என்று. என்னை வருத்துவது இதுதான். வர முடியாதவரும் வர விரும்பாதவரும் பதிவேட்டில் ஒரே கட்டத்தில் விழுகிறார்கள். பிறகு அதே பதிவேட்டைப் பார்த்து, மக்களிடம் விழிப்புணர்வு போதவில்லை என்று முடிவு கட்டிச் சுவரொட்டி அச்சடிக்கிறோம். தொலைபேசியை எடுக்க ஆள் இல்லாத இடத்துக்குச் சுவரொட்டியால் என்ன பயன்?

உலக சுகாதார நிறுவனத்துக்கு ஆலோசனை சொல்லும் நிபுணர்களின் பணிக்குழு ஒன்று, மக்கள் தடுப்பூசியைத் தள்ளிப்போடுவது ஏன் என்று ஆராய்ந்து 2014-இல் அறிக்கை கொடுத்தது. மூன்று காரணங்களை அது முன்வைத்தது. ஒன்று நம்பிக்கைக் குறைவு. இரண்டாவது, இந்த நோய் நமக்கு எங்கே வரப்போகிறது என்ற மெத்தனம். மூன்றாவது வசதி, அதாவது கைக்கு எட்டும் தூரத்தில், எட்டும் நேரத்தில், புரியும் மொழியில் அது கிடைக்கிறதா என்பது. முதல் இரண்டைப் பற்றி ஊரெல்லாம் பேசுகிறோம். மூன்றாவதைச் சரிசெய்வது மக்கள் கையில் இல்லை, சேவை கொடுப்பவர்கள் கையில் இருக்கிறது. அதனால்தானோ என்னவோ அதைப் பற்றிப் பேச்சு குறைவு.

உலக சுகாதார நிறுவனமும் யுனிசெப்பும் சேர்ந்து வெளியிட்ட மதிப்பீட்டின்படி, 2024-இல் ஏறக்குறைய 2 கோடிக் குழந்தைகளுக்குத் தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல், ரண ஜன்னி ஆகியவற்றுக்கான கூட்டுத் தடுப்பூசியில் ஒரு தவணையாவது விடுபட்டிருக்கிறது. அவர்களில் 1 கோடியே 43 லட்சம் பேருக்கு முதல் தவணையே கிடைக்கவில்லை. போர், வறுமை, தூரம் என்று அதற்குப் பெரிய காரணங்கள் உண்டு. என் கவனம் மீதிப் பேர் மேல் போகிறது. 50 லட்சத்துக்கும் மேற்பட்ட அந்தக் குழந்தைகள் ஒரு முறையாவது ஊசி போட்டுக்கொண்டவர்கள். பெற்றோர் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறார்கள், குழந்தை அழுதிருக்கிறது, காய்ச்சலையும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அதற்குப் பிறகு எங்கேயோ தொடர்பு அறுந்துவிட்டது. முதல் தவணைக்கு வந்தவரை ஊசிக்கு எதிரானவர் என்று எப்படிச் சொல்வது?

எங்கள் பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். சுகாதார நிலையத்தில் இருப்பவர்கள் வேண்டுமென்றே யாரையும் திருப்பி அனுப்புவதில்லை. தடுப்பூசிகளில் பெரும்பாலானவற்றை 2 முதல் 8 டிகிரி செல்சியஸுக்குள் வைத்திருக்க வேண்டும். பல ஊசி மருந்துகள் ஒரே குப்பியில் பல பேருக்குப் போடும் அளவில் வருகின்றன. தட்டம்மைத் தடுப்பூசியும், காசநோய்க்கான பி.சி.ஜி.யும் தூளாக வரும். நீர்மத்தைக் கலந்துவிட்டால் 6 மணி நேரத்துக்குள், அல்லது அன்றைய அமர்வு முடிவதற்குள், பயன்படுத்தியாக வேண்டும். மிச்சத்தைக் கொட்டத்தான் வேண்டும். பத்துப் பேருக்கான குப்பியை ஒரு குழந்தைக்காக உடைத்தால், மீதி எங்கே என்று மேலிடத்தில் கேள்வி வருமோ என்ற பயம் எங்களுக்கு உண்டு. “புதன்கிழமை வாருங்கள், நாலு குழந்தை சேர்ந்ததும் போடுகிறோம்” என்ற பதில் அங்கிருந்துதான் பிறக்கிறது.

ஆனால் அந்தப் புதன்கிழமைக்கு அந்தத் தாயால் வர முடியுமா? கூலி போகும், மூத்த பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் கிடைக்காது. ஒரே ஒரு குழந்தை வந்திருந்தாலும் குப்பியைத் திறங்கள் என்பதுதான் உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வழி. கொட்டப்படும் மருந்தைவிடத் திரும்பிப் போகும் குழந்தை பெரிய இழப்பு. தட்டம்மை ஒரு சமூகத்தில் பரவாமல் இருக்க 100 பேரில் சுமார் 95 பேருக்கு எதிர்ப்புச் சக்தி இருக்க வேண்டும். திருப்பி அனுப்ப மிச்சம் இருப்பது ஐந்தே பேர். அந்த ஐந்தும் வேறு உடல்நலக் காரணங்களால் ஊசி போடவே முடியாதவர்களுக்குத் தேவைப்படும்.

சரி, முன்பதிவே வேண்டாமா? வேண்டும். எவ்வளவு மருந்து வாங்குவது, எத்தனை செவிலியர் வேண்டும், ஊசி போட்ட பிறகு கொஞ்ச நேரம் உட்கார வைத்துக் கவனிக்க இடம் போதுமா என்பதெல்லாம் யார் எப்போது வருவார்கள் என்று தெரிந்தால்தான் திட்டமிட முடியும். ஆனால் அது ஒன்றே வாசலாக இருக்கக் கூடாது. 2021-இல் கோவிட் தடுப்பூசி வந்தபோது இதை உலகமே பார்த்தது. வேகமான இணையமும் விரல் நுனியில் பழக்கமும் இருந்தவர்களுக்கு இடம் கிடைத்தது. நோயால் அதிக ஆபத்து யாருக்கு இருந்ததோ, அந்த முதியவர்களில் பலர் பேரன் பேத்தி வந்து பதிவு செய்து தரும்வரை காத்திருந்தார்கள். பிறகு பல நாடுகளில் முன்பதிவு இல்லாமலே வரலாம் என்று முகாம் திறந்தார்கள், வண்டியில் மருந்தை ஏற்றித் தெருவுக்கே அனுப்பினார்கள். அது அவசர காலத்துக்கு மட்டும் உரிய ஏற்பாடு என்று நினைத்து மூட்டை கட்டி வைத்துவிட்டோமோ என்று எனக்குக் கவலை.

பெரியம்மையை ஒழித்ததும் இப்படி மக்களைத் தேடிப் போய்த்தான். 1967-இல் உலக அளவில் தீவிர முயற்சி தொடங்கியது. ஒரு வீட்டில் நோய் கண்டால், பணியாளர்கள் தேடிப் போய் அந்த வீட்டையும் சுற்றியுள்ள வீடுகளையும் பார்த்து ஊசி போட்டார்கள். 1977-இல் சோமாலியாவில் இயற்கையாக வந்த கடைசி நோயாளியோடு அது நின்றது, 1980-இல் பெரியம்மை ஒழிந்தது என்று அறிவித்தார்கள். போலியோ சொட்டு மருந்தும் வீடு வீடாகப் போனது. 1988-ஐ ஒப்பிட்டால் இயற்கையாகப் பரவும் போலியோ 99 சதவீதத்துக்கும் மேல் குறைந்திருக்கிறது. அந்தப் பணியாளர்கள் யாரிடமும் முன்பதிவு எண் கேட்கவில்லை.

இனி, கேட்டுக்கொண்டிருப்பவர்களில் யாராவது இப்போதே நாள் கிடைக்காமல் தவிக்கிறீர்கள் என்றால், உங்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

முதலில், தாமதமானால் எல்லாம் போயிற்று என்று நினைக்காதீர்கள். ஒரு தவணை தள்ளிப்போனால் திரும்பவும் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதில்லை. பெரும்பாலான தடுப்பூசிகளுக்கு விட்ட இடத்திலிருந்து தொடரலாம். நாள் தவறிவிட்டது, போனால் திட்டுவார்கள் என்று வீட்டிலேயே இருந்துவிடுபவர்கள் நிறையப் பேர். திட்டுவது எங்கள் தவறு, அதற்காக நீங்கள் வராமல் இருக்க வேண்டாம்.

ஆனால் சில ஊசிகள் காத்திருக்காது. நாய் கடித்தால், காயத்தைச் சோப்பு போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு நேராக மருத்துவமனைக்குப் போங்கள். அதற்கு அப்பாயின்ட்மென்ட் என்ற பேச்சே இல்லை. ரேபிஸ் அறிகுறி தோன்றிய பிறகு உயிரைக் காப்பாற்றுவது அநேகமாக முடியாத காரியம். கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி-க்கான முதல் ஊசி, குழந்தை பிறந்த 24 மணி நேரத்துக்குள் போட வேண்டியது. அதைப் பிரசவம் நடந்த இடத்திலேயே கேட்டு வாங்குங்கள். தட்டம்மை வந்தவரோடு ஒரே வீட்டில் இருந்துவிட்டீர்கள், இதுவரை ஊசி போடவில்லை என்றால், 72 மணி நேரத்துக்குள் போட்டால் நோயைத் தடுக்க வாய்ப்பு உண்டு. இதைப் போனில் முதல் வாக்கியமாகவே சொல்லுங்கள். வெளிநாடு போகிறவர்களுக்கு மஞ்சள் காய்ச்சல் ஊசியின் சான்றிதழ், போட்ட 10 நாள் கழித்துத்தான் செல்லுபடியாகும். டிக்கெட் எடுப்பதற்கு முன்னால் அந்த நாளைக் கணக்குப் பாருங்கள்.

மற்றவற்றுக்கு, “இடம் இல்லை” என்ற பதிலோடு போனை வைத்துவிடாதீர்கள். யாராவது ரத்து செய்தால் கூப்பிடும் பட்டியல் இருக்கிறதா என்று கேளுங்கள். முன்பதிவு இல்லாமல் வரக்கூடிய நாள் எது என்று கேளுங்கள். அமர்வு முடியும் நேரத்தில் திறந்த குப்பியில் மருந்து மிச்சம் இருக்குமா, அப்போது வரலாமா என்றும் கேட்கலாம், அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. யாரிடம் பேசினீர்கள், என்ன சொன்னார்கள் என்று தேதியோடு குறித்து வையுங்கள். அடுத்த இடத்தில் “அங்கே போங்கள்” என்று சொன்னால் அந்தக் குறிப்பைக் காட்டலாம். தடுப்பூசி அட்டையைப் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பிள்ளைகள் என்றால் ஒரே நாளில் இருவருக்கும் போடச் சொல்லிக் கேளுங்கள். ஒரே வருகையில் ஒன்றுக்கு மேற்பட்ட ஊசி போடுவதும் வழக்கமான, பாதுகாப்பான முறைதான்.

சுகாதார நிலையத்தில் வேலை செய்யும் என் சக பணியாளர்களிடமும் ஒன்று கேட்க வேண்டும். ஊசி போட்டு முடித்ததும், அந்த நாற்காலியிலிருந்து அவர் எழுந்திருப்பதற்கு முன்பே அடுத்த தவணைக்கான நாளைப் பதிவு செய்து அட்டையில் எழுதிக் கொடுங்கள். வராதவர்களுக்கு ஒரு போன் போடுங்கள், ஒரு குறுஞ்செய்தி அனுப்புங்கள். நினைவூட்டினால் வருகிறவர்கள் கூடுகிறார்கள் என்று ஆய்வுகள் பல காட்டியிருக்கின்றன. வேறு வேலையாக வந்தவரிடமும், காய்ச்சலுக்கு மாத்திரை வாங்க வந்த தாயிடமும், குழந்தையின் அட்டையைக் கேட்டுப் பாருங்கள். விடுபட்டது இருந்தால், போடத் தடை ஏதும் இல்லையென்றால், அன்றைக்கே போட்டுவிடுங்கள்.

பதிவேட்டில் ‘வரவில்லை’ என்று எழுதும் முன் பக்கத்தில் இன்னொரு கட்டம் வரைந்துகொள்ளுங்கள்: ‘கேட்டார், நாள் கொடுக்க முடியவில்லை’. மாதக் கடைசியில் இரண்டையும் தனித்தனியாக மேலே அனுப்புங்கள்.

நன்றி. வணக்கம்.