பத்துக்குப் பத்து அறையில் ஹோம் தியேட்டர்

(வண்ணாரப்பேட்டையில் ஒரு மாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம். வீட்டிலேயே படம் பார்ப்பதா, தியேட்டருக்குப் போவதா என்று பேசச் சொன்னீர்கள். டிவியில் இந்த வழக்கு பல தடவை நடந்து தீர்ப்பும் சொல்லியாகிவிட்டது. ஆனால் அங்கே பேசுகிறவர்களின் வீட்டில் சோபா இருக்கிறது, ஏசி இருக்கிறது, சுவரை அடைத்துக்கொண்டு ஒரு டிவி இருக்கிறது. காசிமேட்டிலும் கொருக்குப்பேட்டையிலும் பல பேருக்கு ஒரே அறைதான் வீடு. அடுப்பும் அங்கேதான், படுக்கையும் அங்கேதான். விடியற்காலையில் மீன் ஏலத்துக்குப் போகவேண்டிய அம்மா ஒன்பது மணிக்கே படுத்துவிடுகிறார். பையன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்து, ஹெட்செட் மாட்டிக்கொண்டு செல்போனில் படம் பார்க்கிறான். அவனைக் கேட்டால் எது வசதி என்பான்?

நம்ம வடசென்னைப் பக்கத்துக்கு சினிமா ஒன்றும் புதிதில்லை. முதல் தமிழ்ப் பேசும் படமான ‘காளிதாஸ்’ 1931 அக்டோபர் 31 அன்று கினிமா சென்ட்ரலில்தான் வெளியானது. பின்னாளில் முருகன் தியேட்டர் ஆனதே, அதுதான். டி.பி.ராஜலட்சுமி தமிழில் பேசுவார், கதாநாயகன் தெலுங்கில் பதில் சொல்வார். ஜனங்கள் அதையும் ரசித்துப் பார்த்தார்கள்! 1944 தீபாவளிக்கு பிராட்வே தியேட்டருக்கு வந்த பாகவதரின் ‘ஹரிதாஸ்’ மூன்று தீபாவளிகளைப் பார்த்துவிட்டுத்தான் இறங்கியது. இன்றைக்குப் பல படங்கள் நாலு வாரத்தில் ஓடிடிக்கு வந்துவிடுகின்றன. அதனால் ‘அப்புறம் பார்த்துக்கலாம்’ என்று விட்டுவிடுகிறோம். அப்படி விட்டதில் பாதியை நான் இன்னும் பார்க்கவில்லை, அது வேறு கதை.

எண்பதுகளில் வீடியோ கேசட் போட்டுப் பார்க்கும் டெக்கு வந்தபோதும் தியேட்டர் அவ்வளவுதான் என்றார்கள். டிவியையும் டெக்கையும் வாடகைக்கு எடுத்து, தெருவில் பெஞ்சு போட்டு, விடிய விடிய மூன்று படம் ஓட்டினோம். பெயருக்குத்தான் அது வீட்டில் பார்ப்பது. தெருவே உட்கார்ந்திருக்கும், சண்டைக் காட்சிக்கு விசில் பறக்கும். அந்தக் கூட்டத்தைச் செல்போன் கலைத்தது போல டெக்கு கலைக்கவில்லை.

வீட்டில் பார்ப்பதில் நன்மையே இல்லையா? இருக்கிறது. முட்டி வலிக்கிற பெரியவர்கள், கைக்குழந்தைக்காரர்கள், பழைய படம் தேடுகிறவர்கள் இவர்களுக்கெல்லாம் அது பெரிய உதவி. சரி.

என் வருத்தம் வேறு. 1967இல் திறந்த தண்டையார்பேட்டை அகஸ்தியா 2020 ஊரடங்கோடு மூடிவிட்டது. நடந்தே போய்ப் படம் பார்த்துத் திரும்பிய தியேட்டர் அது. அப்படி ஒன்று போனால் அந்த ஜனங்கள் மாலுக்குப் போவதில்லை, படத்துக்குப் போவதையே விட்டுவிடுகிறார்கள். டிக்கெட்டோடு ஆட்டோக் காசு, ஆன்லைன் கட்டணம், இடைவேளையில் பிள்ளைகள் கேட்கும் பாப்கார்ன் என்று நாலு பேர் போனால் பலருக்கு இரண்டு நாள் கூலி காலி. மக்களுக்கு ரசனை மாறிவிட்டது என்று திரைத்துறையினர் சொல்லும்போது எனக்குக் கோபம் வருகிறது. ரசனை அப்படியே இருக்கிறது ஐயா, விலைதான் எட்டவில்லை.

அதனால் ஒரு யோசனை. மாநகராட்சி சமுதாயக்கூடங்கள் கல்யாணம் இல்லாத நாட்களில் பூட்டியே கிடக்கின்றன. மாதம் ஒரு ஞாயிறு, உரிமை வைத்திருப்பவரிடம் முறையாக அனுமதி வாங்கி, பெரிய திரையில் ஒரு படம் போடலாம். வெள்ளைத் திரைக்கும் ஸ்பீக்கருக்கும் நண்பர்கள் ஒத்துக்கொண்டுவிட்டார்கள். புரொஜெக்டர் வைத்திருப்பவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னை வந்து பாருங்கள்.