நான்காவது தடவை

நேயர்களுக்கு வணக்கம்.

முதலில் என் தொழிலைச் சொல்லிவிடுகிறேன். கம்ப்யூட்டர் வருவதற்கு முன்னால், இருபத்திரண்டு வருஷம் ஓர் ஒலிப்பதிவுக் கூடத்தில் நாடா வெட்டி ஒட்டினேன். பேச வந்தவர்களின் இருமலையும், அவர்கள் 'வந்து... வந்து...' என்று இழுப்பதையும் சவர பிளேடால் வெட்டி எடுத்துவிட்டு மிச்சத்தை ஒட்ட வேண்டும். வெட்டிய 'வந்து'க்கள் மேஜைக்கு அடியில் சுருள் சுருளாகக் கிடக்கும். சாயங்காலம் கூட்ட வரும் அம்மா அள்ளிக்கொண்டு போவார். இன்றைக்கு நான் எத்தனை 'வந்து' சொல்லப்போகிறேனோ, பாவம், அதை எடுக்கப்போகிறவர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறார்.

இப்படிப்பட்ட ஆள், சிகாகோ நகரத்து இரவு விடுதியில் பாட்டுப் போட்ட ரான் ஹார்டியைப் பற்றி எதற்குப் பேச வேண்டும்? ஒரு கேசட்தான் காரணம்.

அங்கே படிக்கப் போயிருந்த என் அக்கா மகன் 1994ல் ஊருக்கு வந்தான். 'மாமா, நீங்கதான் நாடா நாடான்னு சொல்வீங்களே, இதைக் கேளுங்க' என்று ஒரு கேசட்டைக் கொடுத்தான். நகலுக்கு நகல் எடுத்தது. மேலே பேனாவால் 'மியூசிக் பாக்ஸ்' என்று எழுதியிருந்தது. போட்டேன். ஒரே இரைச்சல், கூட்டத்தின் கூச்சல், அடியில் 'திம் திம் திம் திம்' என்று ஓர் அடி. அணைத்துவிடலாம் என்று கை போனபோது ஒன்று காதில் விழுந்தது. பாட்டு இல்லை, ஒட்டு.

டிரம்ஸில் சிம்பல் என்ற உலோகத் தட்டைத் தட்டினால் 'ஸ்ஸ்ஸ்' என்று மெல்ல அடங்க வேண்டும் அல்லவா? இதில் அது பாதியில் அறுந்தது. அறுந்த இடத்தில் பாட்டு கொஞ்சம் பின்னால் போய் அதே வரியை மறுபடி தொடங்கியது. மறுபடி அறுந்தது, மறுபடி தொடங்கியது. எண்ணிப் பார்த்தேன், பதினாறு தடவை. யாரோ ஒருவர் உட்கார்ந்து, பாட்டுக்காரர் ஒரே ஒரு தடவை பாடிய வரியைப் பதினாறு தடவை பாட வைத்திருக்கிறார். நாங்கள் நாடாவைச் சுருக்கத்தான் வெட்டுவோம். நீட்டுவதற்கு வெட்டிய ஆளை அன்றைக்குத்தான் கேட்டேன்.

சரி, கதைக்கு வருகிறேன். ஹவுஸ் இசை என்பதைக் கேட்டிராதவர்களுக்குக் கூட அந்த அடி தெரிந்திருக்கும். மாடிப்படி ஏறி வந்து நின்றால் நெஞ்சு அடிக்குமே, கிட்டத்தட்ட அந்த வேகம். நிமிடத்துக்கு 120 அடி, முன்னே பின்னே. அது பிறந்த ஊர் சிகாகோ. பிறந்ததற்குக் காரணங்களில் ஒன்று ஒரு வானொலிக்காரர் செய்த காரியம். வானொலி நிலையத்திலேயே உட்கார்ந்து இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது, மன்னிக்கவும்.

1979 ஜூலை 12. சிகாகோவின் காமிஸ்கி பார்க் பேஸ்பால் மைதானம். ஸ்டீவ் டால் என்ற வானொலி அறிவிப்பாளர் 'டிஸ்கோ இசைத்தட்டு ஒன்று கொண்டுவாருங்கள், 98 சென்ட்டுக்கு உள்ளே விடுகிறோம்' என்று அறிவித்திருந்தார். அன்றைக்கு இரண்டு ஆட்டம். முதல் ஆட்டம் முடிந்ததும் சேர்ந்த தட்டுகளை நடு மைதானத்தில் வைத்து வெடி வைத்தார்கள். கூட்டம் உள்ளே இறங்கிப் புல்தரையைக் கிளறிப் போட்டுவிட, இரண்டாவது ஆட்டமே நடக்கவில்லை. அன்று அங்கே வேலை பார்த்த வின்ஸ் லாரன்ஸ் என்ற கறுப்பின இளைஞர் பிற்பாடு ஹவுஸ் இசைத்தட்டுகள் வெளியிட்டவர். ஜனங்கள் கொண்டுவந்தவற்றில் டிஸ்கோவே அல்லாத கறுப்பினக் கலைஞர்களின் தட்டுகளும் கிடந்தன என்று அவர் சொல்லியிருக்கிறார்.

அதற்குப் பிறகு டிஸ்கோ என்ற பேரைச் சொல்லவே பெரிய கம்பெனிகள் கூச்சப்பட்டன. புதுத் தட்டுகள் குறைந்தன. ஆனால் ஆடுகிறவர்கள் வீட்டுக்குப் போகவில்லை. ஜெஃபர்சன் தெருவில் வேர்ஹவுஸ் என்ற கிளப், ராபர்ட் வில்லியம்ஸ் என்பவர் நடத்தியது. நியூயார்க்கிலிருந்து வந்த ஃபிராங்கி நக்கிள்ஸ் அங்கே 1977லிருந்து பாட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். வந்தவர்களில் பெரும்பாலோர் கறுப்பினத்தவர், லத்தீன் அமெரிக்க வம்சாவளியினர், தன்பால் ஈர்ப்பினர். வெளியே பல இடங்களில் வாசலிலேயே நிறுத்தப்படுகிறவர்கள். இசைத்தட்டுக் கடைக்காரர்கள் 'வேர்ஹவுஸில் ஒலித்தது' என்று சீட்டு ஒட்டி விற்று, அது சுருங்கி 'ஹவுஸ்' ஆனது என்பார்கள்.

1983 வாக்கில் நக்கிள்ஸ் பிரிந்து தனியாகக் கிளப் வைத்துக்கொண்டார். வில்லியம்ஸ் தன் புதுக் கிளப்புக்கு மியூசிக் பாக்ஸ் என்று பேர் வைத்தார். அங்கே பாட்டுப் போட வந்தவர்தான் ரான் ஹார்டி. சிகாகோவிலேயே பிறந்து வளர்ந்தவர். 1970களிலேயே டென் ஒன் என்ற கிளப்பில் இசைத்தட்டு சுழற்றும் டர்ன்டேபிள் இரண்டும் ஒரு ஸ்பூல் நாடா மெஷினும் வைத்து இடைவெளி விடாமல் பாட்டு ஓட்டியவர்.

இருவருக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டால் நான் கல்யாணப் பந்தியைத்தான் சொல்வேன். ஃபிராங்கி, எந்த இலையில் என்ன குறைகிறது என்று பார்த்துப் பரிமாறுகிறவர். ரான், எடுத்த எடுப்பில் ஊறுகாயை வைத்துவிட்டு, 'இன்னும் கொஞ்சம்' என்று மறுபடி ஊறுகாயையே வைக்கிறவர். தட்டின் வேகத்தைக் கூட்டிவிடுவார். பாஸ் என்ற அடித்தொனியை முழுக்க அறுத்துவிட்டு, ட்ரெபிள் என்ற மேல்தொனியை மட்டும் ஓடவிடுவார், ஜனங்கள் தவித்துக்கொண்டிருக்கும்போது பாஸைத் திறந்துவிடுவார். பாட்டைப் பின்னோக்கியும் ஓட்டுவார்.

அப்புறம் அந்த நாடா. இதில் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள். ஒரு வரியை நீட்ட இரண்டு வழி. ஒன்று, அந்தத் துண்டை மட்டும் திரும்பத் திரும்ப இன்னொரு நாடாவில் பதிவது. இன்னொன்று, பதிந்ததை வெட்டி ஒட்டுவது. விநாடிக்கு ஏழரை அங்குலம் ஓடுகிற மெஷின் என்று வைத்துக்கொள்ளுங்கள். நிமிடத்துக்கு 120 தாள அடி என்றால் நாலு தாள அடிக்கு இரண்டு விநாடி. இரண்டு விநாடிக்குப் பதினைந்து அங்குலம். பூக்கார அம்மா அளந்தால் முழத்துக்கு நாலு விரல் குறைவு. ஸ்பூலைக் கையால் முன்னும் பின்னும் உருட்டி, அடி விழுகிற இடத்தை 'ஊவ்' என்ற முனகலில் பிடித்து, வெள்ளைப் பென்சிலால் கோடு போட்டு, சாய்வாக வெட்ட வேண்டும். நேராக வெட்டினால் 'டிக்' என்று கேட்கும். நூல் அளவு தவறினாலும் ஆடுகிறவனின் கால் தடுமாறும். நான் வெட்டியது பேச்சு, கொஞ்சம் முன்னே பின்னே இருந்தால் யாருக்கும் தெரியாது. தாளத்தில் அந்தச் சலுகை கிடையாது.

இனி, ரான் என்றாலே எல்லாரும் சொல்லும் கதை. நானும் சொல்லாமல் இருக்க முடியாது.

ஜப்பானின் ரோலண்ட் கம்பெனி 1980களின் தொடக்கத்தில் டிபி-303 என்று ஒரு வெள்ளி நிற பிளாஸ்டிக் பெட்டியை விற்றது. தனியாக கிட்டார் வாசிக்கிறவருக்குப் பக்கத்தில் பாஸ் வாசிக்க ஆள் இல்லையா, இது வாசிக்கும். வீட்டில் பாட்டுப் பயிற்சிக்கு எலக்ட்ரானிக் சுருதிப் பெட்டி வைத்துக்கொள்கிறோமே, அந்த மாதிரி எண்ணம். ஆனால் சத்தம் பாஸ் கிட்டார் மாதிரியே இல்லை. யாரும் வாங்கவில்லை, 1984ல் தயாரிப்பை நிறுத்திவிட்டார்கள். பழைய பொருள் கடைகளில் மலிவாகக் கிடைத்தது.

இடையில் ஒன்று. இதே பெட்டியை வைத்து 1982ல் பம்பாயில் சரண்ஜித் சிங் என்ற சினிமா இசைக் கலைஞர் டிஸ்கோ அடிக்குப் பத்து ராகங்கள் வாசித்து ஒரு தட்டு போட்டார். ஓடவில்லை. 2010ல் மறுபதிப்பு வந்தபோதுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. அவருக்கும் சிகாகோவுக்கும் தொடர்பு இல்லை. யார் முதல் என்ற சண்டை எனக்கு வேண்டாம், மாயாமாளவகௌளை பழகிய காதுள்ளவர்கள் தேடிக் கேளுங்கள்.

சிகாகோவில் அந்தப் பெட்டி மூன்று இளைஞர்கள் கையில் சிக்கியது. பியர், ஸ்பாங்கி, ஹெர்ப். குமிழ்களைத் திருகத் திருக அது கத்தியது, குழைந்தது, தண்ணீருக்குள் போய்ப் பேசுவது மாதிரி முனகியது. பத்து நிமிடத்துக்கு மேல் அதையே பதிந்து, மியூசிக் பாக்ஸுக்குக் கொண்டுபோய் ரானிடம் கொடுத்தார்கள். முழுவதையும் கேட்டார், வாங்கி வைத்துக்கொண்டார். அன்றைக்கு அவர் வேண்டாம் என்றிருந்தால் அத்தோடு முடிந்திருக்கும் என்று பியர் பிற்பாடு சொல்லியிருக்கிறார்.

இரவு அதைப் போட்டார். ஆடிக்கொண்டிருந்தவர்கள் நின்றார்கள். தளம் காலியானது. நேயர்களே, பாட்டுப் போடுகிறவனுக்கு அதைவிடக் கேவலம் இல்லை. கல்யாண வீட்டில் மைக் செட்காரர் ஒரு பாட்டைப் போட்டதும் பந்தல் காலியானால் என்ன செய்வார்? உடனே மாற்றி எல்லாருக்கும் தெரிந்த பாட்டைப் போடுவார். ரானும் வேறு பாட்டுக்கு மாறினார். கூட்டம் திரும்பி வந்தது. நன்றாகச் சூடு பிடித்ததும், அந்த நாடாவை மறுபடி போட்டார். சிலர் நின்று பார்த்தார்கள். இன்னும் கொஞ்சம் கழித்து மூன்றாவது தடவை. விடியப்போகும் நேரத்தில் நான்காவது தடவை போட்டபோது கூட்டத்துக்குப் பித்துப் பிடித்துவிட்டது. ஒருவர் மல்லாந்து படுத்துக் கால்களை மேலே உதைத்து ஆடினாராம். நாடாவுக்கு அந்த இளைஞர்கள் வைத்த பேர் யாருக்கும் தெரியாது. 'ரான் ஹார்டியின் ஆசிட் பாட்டு' என்றுதான் கேட்டார்கள். 1987ல் அது 'ஆசிட் ட்ராக்ஸ்' என்று தட்டாக வந்தது. ஆசிட் ஹவுஸ் என்று ஒரு வகையே அதிலிருந்துதான் கிளம்பியது.

நாலு தடவை. ஒரே ராத்திரியில். இதைத்தான் நான் போகிற இடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன், என் மனைவிக்கு மனப்பாடம்.

இதே காலத்தில் ஹெராயின் ரானைப் பிடித்துக்கொண்டது. 1987ல், மதுபானம் விற்காத கிளப்புகளும் மதுக்கடை மூடும் நேரத்தில் மூட வேண்டும் என்று நகரம் சட்டம் போட்டது. விடிய விடிய ஆடுவதே பிழைப்பாக இருந்த இடங்கள் படுத்தன. மியூசிக் பாக்ஸும் போனது. அடுத்த வருஷம் லண்டனிலும் மான்செஸ்டரிலும் இளைஞர்கள் ஆசிட் ஹவுஸுக்கு ஆடித் தீர்த்தார்கள், சிகாகோக்காரர்கள் பலர் விமானம் ஏறினார்கள். ரான் உள்ளூரில் கிடைத்த சின்ன இடங்களில் பாட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். 1992 மார்ச் 2ஆம் தேதி இறந்தார். முப்பத்தைந்து வயது கூட நிரம்பவில்லை. அதே வருஷம் நவம்பரில் நியூயார்க்கில் பாரடைஸ் கராஜ் என்ற கிளப்பில் பாட்டுப் போட்டுப் புகழ்பெற்ற லாரி லெவன் போனார், 38 வயதில். அவருக்கும் இதே பழக்கம்தான். போதை மருந்துக்காகத் தன் தட்டுகளை விற்பார், நண்பர்கள் காசு கொடுத்து மீட்டுத் தருவார்கள்.

போதையில்தான் ரானுக்கு அந்த வேகம் வந்தது என்று எழுதுகிறவர்கள் உண்டு. எனக்குக் கோபம் வரும். எங்கள் கூடத்தில் என்னைவிட மூத்தவர் ஒருவர் இருந்தார். எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவர், குடிப்பார். கடைசி இரண்டு வருஷம் அவர் ஒட்டுகள் எல்லாம் 'டிக், டிக்' என்று கேட்கும். எல்லாரும் போன பிறகு நான் அவற்றைப் பிரித்துத் திரும்ப ஒட்டி வைப்பேன். காலையில் வந்து போட்டுக் கேட்டுவிட்டு, 'பார்த்தியா, கை இன்னும் போகல' என்பார். 'ஆமாண்ணே' என்பேன். அவரிடம் நான் அதைச் சொன்னதே இல்லை. ரானின் அந்தப் பதினாறு ஒட்டையும் எத்தனையோ தடவை கேட்டுவிட்டேன், ஒன்றில்கூட 'டிக்' கிடையாது. சிம்பலின் வால் மட்டும்தான் அறுந்திருக்கும், அதற்கு யாராலும் ஒன்றும் செய்ய முடியாது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இரண்டு விரல் காட்டுகிறார். கடைசியாக, வானொலி செய்த நல்லதையும் சொல்லிப் பாவத்தைக் கழுவலாம் என்று இரண்டு பக்கம் எழுதி வந்தேன். சிகாகோவில் டபிள்யூபிஎம்எக்ஸ் என்ற நிலையத்தில் 'ஹாட் மிக்ஸ் 5' என்ற டிஜே குழு 1981லிருந்து பாட்டுகளைக் கலந்து ஒலிபரப்பியது. கிளப்புக்குள் நுழைய வயசாகாத பிள்ளைகள் அதைக் கேசட்டில் பதிந்து வைத்துக்கொண்டார்கள், அவர்களில் பலர்தான்... சரி, விரல் ஒன்றாகிவிட்டது. அது இன்னொரு நாளைக்கு.

அந்தக் கேசட்டிலிருந்து நாற்பது விநாடி போட நிலையத்தார் ஒத்துக்கொண்டிருக்கிறார்கள். ஒட்டு இருபதாவது விநாடியில் தொடங்கும். இரைச்சலைக் கேட்டு ரேடியோவைத் தட்டாதீர்கள், அது கேசட்டில் உள்ளது. வணக்கம்.