எட்டு மாதம் தலைக்குள் நடந்த பட்டிமன்றம்

(தைப்பூசத்தை ஒட்டிக் குன்றக்குடி மலையடிவாரத்தில் நடந்த பட்டிமன்றம். தலைப்பு: ‘அரசியல் பிரித்துப் போடுகிற இந்தக் காலத்தில் மன நிம்மதிக்கு வழி: ஒதுங்கியிருப்பதா, உட்கார்ந்து பேசுவதா?’ ‘உட்கார்ந்து பேசுவதே’ என்ற அணியில் நான் பேசியது.)

நடுவர் ஐயா அவர்களே, என்னை முறைப்பது போல நடித்துக்கொண்டிருக்கிற எதிரணித் தலைவர் பேராசிரியர் அவர்களே, சாயங்காலமே பாய் விரித்து இடம் பிடித்துவிட்ட ஆச்சிமார்களே, உட்கார இடம் இருந்தும் நின்றுகொண்டே கேட்கிற அண்ணன்மார்களே, எல்லோருக்கும் வணக்கம்.

பேராசிரியர் நன்றாகப் பேசினார். ‘நான் ஒரு வருடமாகச் செய்தி பார்ப்பதில்லை, குடும்ப குரூப்பை விட்டு வெளியே வந்துவிட்டேன், என் மச்சினன் கட்சிப் பேச்சை ஆரம்பித்தால் மாடிக்குப் போய்விடுவேன், ரத்த அழுத்தம் இறங்கிவிட்டது’ என்றார். நீங்கள் கை தட்டினீர்கள். நானும் தட்டினேன். ஆனால் ஒரு உண்மையைச் சொல்லியாக வேண்டும். இன்றைக்குத் தேவகோட்டையிலிருந்து இவரும் நானும் ஒரே காரில்தான் வந்தோம். காரைக்குடி வருவதற்குள் அந்த மச்சினன் பேச்சை 11 தடவை எடுத்தார். நான் எண்ணிக்கொண்டே வந்தேன். மச்சினன் மாடிக்கு வரவில்லை, வாஸ்தவம்தான். இவரே அல்லவா அவரைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறியிருக்கிறார்!

சிரிக்காதீர்கள் ஐயா, எனக்கும் அதே கதைதான்.

எங்கள் பெரிய வீட்டு குரூப்பில் 64 பேர். தேவகோட்டை, சென்னை, கோவை, கோலாலம்பூர் என்று சிதறிக் கிடக்கிற பங்காளிகள் எல்லாம் அதில்தான் கூடுவோம். போன வருடம் ஏப்ரல் கடைசியில் எங்கள் சித்தப்பா அதில் ஒரு செய்தியைப் போட்டார். எந்தக் கட்சி, எந்தத் தலைவர் என்று சொல்ல மாட்டேன். சொன்னால் ஆச்சிமார் பாய் இங்கேயே இரண்டாகக் கிழியும். செய்தியின் தலையில் இரட்டை அம்பு இருந்தது. அந்த இரட்டை அம்புக்கு அர்த்தம் தெரியுமா? குறைந்தது 5 கை மாறி வந்த சரக்கு இது என்று வாட்ஸ்அப்பே எச்சரிக்கிறது. 2020-லிருந்து அந்த மாதிரிச் சரக்கை ஒரு நேரத்தில் ஒரு இடத்துக்குத்தான் அனுப்ப முடியும். சித்தப்பா அதற்கெல்லாம் அசருகிற ஆளா? ஒவ்வொரு குரூப்பாக, ஒவ்வொரு ஆளாக, ஈஸிசேரில் சாய்ந்துகொண்டு அனுப்பி முடித்தார்.

நான் சும்மா இருந்திருக்கலாம். ‘இது பொய்’ என்று ஆதாரத்தோடு போட்டேன். சித்தப்பாவைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம், போன் நம்பர் இருக்கிறது. ஆனால் 64 பேரும் பார்க்க வேண்டும் என்று ஓர் ஆசை. அவர் ஒரே வரி எழுதினார்: ‘உங்க அப்பச்சி இருந்தா இப்படிப் பேசுவியா?’ அப்பச்சி என்றால் எங்கள் வீடுகளில் அப்பா.

வெளியேறிவிட்டேன். நாம் வெளியேறினால் குரூப்பில் ஒரு வரி விழுமே, இன்னார் வெளியேறினார் என்று, அதை நினைக்க நினைக்க எனக்கு ஏதோ கோட்டையைப் பிடித்த மாதிரி இருந்தது. ஒரு 10 நிமிடம் இருந்திருக்கும்.

அப்புறம் ஆரம்பித்தது. பல் தேய்க்கும்போது சித்தப்பாவுக்கு பதில். வண்டி ஓட்டும்போது பதில். சாமி கும்பிடும்போது கூட, கண்ணை மூடினால் முருகன் வரவில்லை, சித்தப்பா வந்தார். ராத்திரி 2 மணிக்கு அருமையான பதில் ஒன்று தோன்றும். விளக்கைப் போட்டு எழுதி வைப்பேன். ‘என்ன, ஆபீஸ் கணக்கா?’ என்று வீட்டில் கேட்டாள். ‘ஆமா, கணக்குத்தான்’ என்றேன்.

எதிரணிக்கு நான் சொல்ல வந்தது இதைத்தான். ஒதுங்கினால் சண்டை நிற்பதில்லை. எதிராளி இல்லாமல் நடக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம். நிஜச் சித்தப்பாவுக்கு 74 வயது. சர்க்கரை இருக்கிறது, நாலு வார்த்தை சேர்ந்தாற்போலப் பேசினால் இருமல் வரும், நடுவில் காபி கேட்பார். என் தலைக்குள் குடியேறிய சித்தப்பாவுக்கு இருமலே இல்லை. களைப்பே இல்லை. அவருக்கு வசனம் எழுதிக்கொடுப்பது நான்தானே, அதனால் நாளுக்கு நாள் இன்னும் மட்டமாகப் பேசினார். இந்தப் பக்கமும் நானே, அந்தப் பக்கமும் நானே, நடுவரும் நானே. எட்டு மாதம் நடந்தது ஐயா அந்தப் பட்டிமன்றம். ஒரு நாள் கூடத் தீர்ப்பு வரவில்லை.

போன மாதம் பிள்ளையார் நோன்பு வந்தது. நகரத்தார் வீடுகளில் அதை எப்படிக் கும்பிடுவோம் என்று வெளியூரிலிருந்து வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். கார்த்திகை தீபத்திலிருந்து நாளுக்கு ஒரு நூலாகப் புது வேட்டியிலிருந்து எடுத்து வைப்போம். 21 நாளில் 21 இழை. அதைச் சேர்த்துத் திரியாக்கி, நெய்யில் நனைத்து, வெல்லமும் நெய்யும் போட்டுப் பிசைந்த மாவில் வைத்து ஏற்றுவோம். வீட்டில் யார் மூத்தவரோ அவர் ஒவ்வொருவருக்கும் இழை எடுத்துக் கொடுப்பார். எரிகிற சுடரோடு அதை வாயில் போட்டுக்கொள்ள வேண்டும். சின்னப் பிள்ளைகளும் போட்டுக்கொள்ளும். வாயை மூடினால் நெருப்பு அணைந்துவிடும்.

‘பார்த்தீர்களா, வாயை மூடு என்று உங்கள் நோன்பே சொல்கிறது’ என்று எதிரணித் தம்பி அங்கே குறிப்பு எடுக்கிறார். எடுங்கள் தம்பி. வாயைத் திறந்தால்தான் இழை உள்ளே போகும் என்பதையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள்.

அன்றைக்கு வளவில், அதாவது எங்கள் பெரிய வீட்டில், மூத்தவர் சித்தப்பாதான். அப்பச்சி போன பிறகு அந்த இடம் அவருக்கு வந்துவிட்டது. இழை வேண்டுமென்றால் அவர் கையில்தான் வாங்க வேண்டும். ஆவாரம்பூ, பொரி, பணியாரம் எல்லாம் பரப்பி வைத்திருக்கிறது. வரிசையில் நிற்கிறேன். எட்டு மாதமாகத் தயார் செய்த பதில்கள் எல்லாம் தலைக்குள் வரிசை கட்டி நிற்கின்றன. என் முறை வந்தது. சித்தப்பா நிமிர்ந்து பார்த்தார். ‘ம், எடுத்துக்க’ என்றார். சுடர் ஆடியது. காற்று இல்லையே, ஏன் ஆடுகிறது என்று பார்த்தால், அவர் கை நடுங்குகிறது. நெய் ஒரு சொட்டு என் கட்டைவிரலில் விழுந்தது. எட்டு மாதமாக நான் பழகிய சித்தப்பாவின் கை ஒரு தடவை கூட நடுங்கியதில்லை ஐயா.

சாப்பிட்டு முடித்துப் பட்டாலையில் போய் உட்கார்ந்தோம். அவர் மன்னிப்பு எல்லாம் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. ‘குரூப்ப விட்டுப் போயிட்ட, பிள்ளைக பிறந்தநாள ஞாபகப்படுத்த ஆளில்ல’ என்றார். அவர் அளவுக்கு அதுவே பெரிய விஷயம். கொஞ்ச நேரம் போனது. ‘ஏன் சித்தப்பா, அந்தக் கட்சி மேல உங்களுக்கு அவ்வளவு பிடிப்பு?’ என்று கேட்டேன். எனக்கு 51 வயது. பிறந்ததிலிருந்து அவர் எந்தக் கட்சி என்று தெரியும். ஏன் என்று அன்றைக்குத்தான் கேட்கிறேன்.

அவர் சொன்ன காரணத்தில் கொள்கை எதுவும் இல்லை. ஐயா, அதாவது எங்கள் தாத்தா, ஒரு மழை ராத்திரியில் மூச்சுத் திணறிக் கிடந்தாராம். ஊரில் வண்டி கிடையாது. சித்தப்பா தெரிந்தவர்கள் வீட்டுக் கதவை எல்லாம் தட்டிப் பார்த்தாராம். கடைசியில் அந்தக் கட்சியின் உள்ளூர்க்காரர் ஒருவர் செங்கல் லாரியைக் கொண்டுவந்து நிறுத்தி, ஐயாவைத் தன் மடியில் போட்டு மதுரை வரைக்கும் கொண்டுபோனாராம். ‘அப்ப எவன்டா வந்தான்?’ என்று கேட்டபோது சித்தப்பாவுக்குக் குரல் கம்மிவிட்டது. நான் யாருடன் சண்டை போட்டேன் என்று அப்போதுதான் தெரிந்தது. ஒரு செங்கல் லாரியோடு போட்டிருக்கிறேன்.

அந்த இரட்டை அம்புச் செய்தி பொய்தான். இன்றைக்கும் பொய்தான். அதை அவரிடம் சொன்னேன், ‘இருக்கும், இருக்கும்’ என்றார். அவர் ஓட்டு மாறாது, என் ஓட்டும் மாறாது. ஆனால் அன்றைக்கு 10 மணிக்குப் படுத்தவன் விடிந்துதான் எழுந்தேன்.

சரி, எதிரணிக்கு வருகிறேன். மணிமேகலையிலிருந்து தம்பி ஓர் அடியைச் சொன்னார். புகாரில் இந்திர விழாவுக்கு முரசு அறைகிறவன் சொல்வது. ‘செற்றமும் கலாமும் செய்யாது அகலுமின்.’ பார்த்தீர்களா, அகலுங்கள் என்கிறான், ஒதுங்கச் சொல்கிறான் என்றார். தம்பி, முரசு அறைகிறவன் வாயிலிருந்து பாதியைப் பிடுங்கிவிட்டீர்கள். முன்னாடி என்ன இருக்கிறது? ‘ஒட்டிய சமயத்து உறுபொருள் வாதிகள் பட்டிமண்டபத்துப் பாங்கறிந்து ஏறுமின்.’ முதலில் ஏறச் சொல்கிறான். அதற்கு அடுத்து, ‘பற்றா மாக்கள் தம்முடன் ஆயினும்’, உனக்கு ஆகாதவனாகவே இருந்தாலும், கோபமும் கலகமும் இல்லாமல் விலகிப் போ என்கிறான். ஏறாதவன் எங்கிருந்து ஐயா அகலுவது?

இதை வேறு எந்த ஊரில் சொன்னாலும் உதாரணம் தேட வேண்டும். குன்றக்குடியில் தேட வேண்டியதில்லை. இந்த மடத்தில் இருந்தவர் குன்றக்குடி அடிகளார். சைவ ஆதீனம், திருநீறும் தேவாரமும்தான் அவர் வாழ்க்கை. அவருடைய நண்பர் யார்? கடவுள் இல்லை என்று ஊர் ஊராகச் சொன்ன பெரியார். பெரியார் இந்த மடத்துக்கு வந்தபோது திருநீறு கொடுத்தார்கள், அவர் மறுக்காமல் வாங்கிக்கொண்டார் என்ற கதையைச் சொல்லாத பெரியவர் இந்தப் பக்கம் கிடையாது. அதனால் பெரியார் பக்தர் ஆகிவிட்டாரா? அடிகளார் பூசையை நிறுத்தினாரா? இரண்டும் இல்லை. பட்டிமன்றத்தை ஊர் ஊராகக் கொண்டுபோனவர்களில் முன்னால் நின்றவர் அந்த அடிகளார்தான். நாங்கள் இன்றைக்கு அவர் ஊரில், அவர் பழக்கிவிட்ட வேலையைச் செய்துகொண்டிருக்கிறோம்.

காரைக்குடியில் 1939-ல் கம்பன் விழாவைத் தொடங்கிய சா. கணேசன் காங்கிரஸ்காரர், பிறகு சுதந்திராக் கட்சி. அந்தக் கம்பன் மேடையில் பேசியவர்களில் ஒருவர் கம்யூனிஸ்ட் ஜீவா. சுதந்திராவும் கம்யூனிஸ்டும் எவ்வளவு தூரம் என்று அந்தக் கால அரசியல் தெரிந்தவர்களுக்குத் தெரியும், கிழக்கும் மேற்கும். நடுவில் கம்பன் இருந்தான், போதும்.

கட்சிக்காகச் சொந்தத்தை ஒதுக்குவது நம் ஊர் வியாதி மட்டும் இல்லை. அமெரிக்காவில் 2016-ல் டிரம்ப் ஜெயித்த தேர்தல் முடிந்து இரண்டு வாரத்தில் அவர்களுடைய நன்றி சொல்லும் நாள் வந்தது. குடும்பம் முழுக்கக் கூடிச் சாப்பிடுகிற நாள், நமக்குப் பொங்கல் மாதிரி. கட்சி வேறுபட்ட சொந்தங்கள் கூடிய வீடுகளில் விருந்து நேரத்தில் 30 முதல் 50 நிமிடம் வரை குறைந்துவிட்டது என்று கைப்பேசி இருப்பிடக் கணக்கை வைத்துக் கண்டுபிடித்து, 2018-ல் சயன்ஸ் இதழில் எழுதினார்கள். 50 நிமிடம்! நம் பந்தியில் அது கும்மாயத்திலிருந்து பாயசம் வரைக்கும் உள்ள நேரம். இலையில் பாதி பலகாரத்தை விட்டுவிட்டா எழுந்திருப்பது?

டெலிவிஷன் விவாதத்தைப் பற்றிப் பேராசிரியர் திட்டியதை முழுசாக ஒத்துக்கொள்கிறேன். நானும் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு அதைப் போடுவதில்லை. ஒரே திரையில் ஆறு முகம், ஆறும் ஒரே நேரத்தில் கத்துகிறது. மலை மேலே இருக்கிற நம் சண்முகநாதருக்கும் ஆறு முகம்தான், என்றைக்காவது சத்தம் கேட்டிருக்கிறீர்களா? பெட்டியை அணையுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. பெட்டியை அணைக்கிற அதே விரலால் மச்சினனையும் அணைக்கப் பார்ப்பதுதான் கோளாறு.

இன்னொன்றும் ஒத்துக்கொள்கிறேன். சாதியைச் சொல்லி இழிவாகப் பேசுகிறவன், வீட்டுப் பெண்களைப் பற்றி அசிங்கமாக எழுதுகிறவன், இவர்களோடு உட்கார்ந்து பேசித்தான் ஆக வேண்டும் என்று யாருக்கும் தலையெழுத்து இல்லை. எழுந்து வந்துவிடலாம். ஆனால் நாம் விட்டுவிட்டு வந்தவர்களில் அப்படிப்பட்டவர் எத்தனை பேர்? நான் விட்டது என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு தேர் பார்க்கப் போன மனுஷனை.

பேசுவது என்றால் 64 பேர் முன்னால் பேசுவது இல்லை, அது கூத்து. இரண்டு பேர், ஒரு திண்ணை, கையில் காபியோ வெற்றிலையோ ஏதாவது இருக்க வேண்டும். கைக்கு வேலை இருந்தால் வாய் கொஞ்சம் நிதானமாக இருக்கிறது. ‘எப்படி உங்களால இதை நம்ப முடியுது?’ என்று ஆரம்பித்தால் அன்றைக்கே முடிந்தது. எப்போதிலிருந்து, யாரால், என்று கேட்டுப் பாருங்கள். உள்ளே எங்காவது ஒரு லாரி நிற்கும்.

நடுவர் ஐயா மணியில் கை வைத்துவிட்டார். முடித்துக்கொள்கிறேன். தீர்ப்பு எந்தப் பக்கம் வந்தாலும் பேராசிரியரும் நானும் திரும்புவது அதே காரில்தான். அந்த மச்சினன் வீடு நாங்கள் போகிற வழியில்தான் இருக்கிறதாம், சாலையிலிருந்து பார்த்தாலே தெரியுமாம். நானாகச் சொல்லவில்லை, வரும்போது 11 தடவையில் ஒரு தடவை அவரே கையை நீட்டிக் காட்டினார். இப்போதே மணி 9 ஆகப் போகிறது. நடுவர் ஐயா கொஞ்சம் சீக்கிரம் தீர்ப்புச் சொன்னால், அந்த வீட்டில் விளக்கு அணைக்கிறதற்குள் போய்விடலாம். நன்றி, வணக்கம்.