அரைப் பேர் போடாத வகுப்பு

(இலங்கை மலையகத்தின் ஹட்டனில் ஞாயிறு பாடசாலை ஆசிரியர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

போதகர் ஐயாவுக்கும், டீச்சர்மாருக்கும், ஏ.எல். (உயர்தரம்) படித்துக்கொண்டே வகுப்பெடுக்க வருகிற தம்பி தங்கைமாருக்கும் ஸ்தோத்திரம்.

வகுப்பைத் திட்டமிடுவது பற்றிப் பேசச் சொன்னார்கள். பாட்டு, ஜெபம், கதை, மனப்பாட வசனம், படம் வரைதல் என்று ஒரு மணித்தியாலத்துக்கான அட்டவணை பாடப் புத்தகத்திலேயே இருக்கிறது. நல்ல அட்டவணைதான். ஆனால் அதைப் போட்டவருக்கு மஸ்கெலியா மழை தெரியாது. தென்மேல் பருவக்காற்றுக் காலத்தில் தகரக் கூரையில் மழை கொட்டினால் கதை சொல்கிறவர் குரல் முன்வரிசைக்கே எட்டாது. அன்றைக்குக் கதையோடு மல்லுக்கட்டாதீர்கள். சைகைப் பாட்டும் படம் வரைதலும் போதும். அதற்கான தாளும் கலர் பென்சிலும் சனிக்கிழமை இரவே பையில் இருக்க வேண்டும்.

1780ஆம் ஆண்டு இங்கிலாந்தின் குளொஸ்டர் நகரில் ராபர்ட் ரைக்ஸ் ஞாயிறு பாடசாலையை ஆரம்பித்தது ஏன்? அந்த ஊர்ப் பிள்ளைகள் ஆறு நாளும் வேலைக்குப் போனார்கள். எழுத்து வாசிக்கப் பழக மிஞ்சியது ஞாயிறு ஒன்றுதான். பிள்ளையின் வாரத்தைப் பார்த்துத்தான் வகுப்புக்கே நாள் குறித்திருக்கிறார்கள்.

நம் பிள்ளையின் ஞாயிறு எப்படி? ஐந்தாம் வகுப்பென்றால் காலையிலேயே ஸ்கொலர்ஷிப் பரீட்சைக்கு டியூஷன். தேயிலைக் கொழுந்து நிறைய இருக்கிற மாதங்களில் அம்மா கைக்காசுக்கு, அதாவது பறிக்கிற கிலோவுக்குக் கிடைக்கும் காசுக்கு, மலைக்குப் போய்விடுவார். பன்னிரண்டு வயது அக்காதான் கைக்குழந்தையைப் பார்க்க வேண்டும். அவள் வகுப்புக்கு வந்தால் இடுப்பில் தம்பியோடுதான் வருவாள். 'குழந்தையை விட்டுட்டு வா' என்று சொன்னால் இருவரும் போய்விடுவார்கள். வாசல் பக்கம் ஒரு பாயைப் போட்டு அங்கே உட்கார வையுங்கள். குழந்தை சிணுங்கினால் எழுந்து வெளியே போய், திரும்பி வரட்டும்.

மூன்று வயதும் பதினான்கு வயதும் ஒரே அறையில் இருக்கும்போது ஒரு டீச்சர் மட்டும் சமாளிப்பது கஷ்டம். ஒருவர் முன்னால் நின்று கதை சொல்லட்டும், இன்னொருவர் பிள்ளைகளோடு பின்னால் உட்காரட்டும். இது பாதுகாப்புக்கும் வேண்டிய ஏற்பாடு. எந்தப் பிள்ளையும் ஒரு பெரியவரோடு தனியாக இருக்கக் கூடாது. பெரிய பையன்கள் குறும்பு செய்வது பெரும்பாலும் வேலை இல்லாததால். பாட்டை ஆரம்பித்து வைப்பதையும் தாள் கொடுப்பதையும் அவர்களிடம் விடுங்கள். பிரம்பு கதவுக்கு வெளியேயும் வேண்டாம். கோவிலுக்குப் போகிற இந்து வீட்டுப் பிள்ளைகளும் பாட்டுக்காக வருவார்கள். வரட்டும், ஆனால் முதலில் தாய் தகப்பனிடம் கேளுங்கள். டொஃபி காட்டிக் கூப்பிடுவது எனக்குப் பிடிக்காது.

இனிக் கதைக்கு வருவோம். மத்தேயு 20இல் திராட்சத்தோட்ட வேலைக்காரர் கதை இருக்கிறது. விடியற்காலையில் வந்தவனுக்கும், சாயங்காலம் ஐந்து மணிபோல வந்து ஒரு மணி நேரம் நின்றவனுக்கும் ஒரே கூலி. வேறு ஊரில் இதைப் புரியவைக்க டீச்சர் பாடுபட வேண்டும். நம் பிள்ளைகளுக்கு நிறுவைத் தட்டு தெரியும். ஒரு நாள் கூலிக்கு ஒரு பேர் என்பதும், கிலோ குறைந்தால் அம்மாவுக்கு அரைப் பேர், அதாவது அரை நாள் கூலிதான் என்பதும், அன்றிரவு வீட்டில் என்ன பேச்சு நடக்கும் என்பதும் தெரியும். 'கடைசியா வந்தவருக்கு எத்தனை பேர் போட்டிருப்பாங்க?' என்று கேட்டுவிட்டு நிறுத்துங்கள். 'அரைப் பேர்கூடக் கிடைக்காது டீச்சர்!' என்று ஒருவன் கத்துவான். முழுப் பேர் என்று சொன்னதும் சண்டை தொடங்கும். காலையில் வந்தவருக்காகப் பரிந்து பேசுவார்கள். பேசட்டும், அவசரப்பட்டு விளக்கம் சொல்லாதீர்கள். பாதிப் பாடத்தை அந்தச் சண்டையே நடத்திவிடும்.

இந்தக் கதையைச் சொல்லிக் கொடுத்துவிட்டு டிசம்பரில் நாம் செய்வது என்ன? வரவுக்குப் பரிசு! ஒரு ஞாயிறும் தவறாமல் வந்த பிள்ளைக்குப் பெரிய பார்சல். தம்பியைத் தூக்கிக்கொண்டு வந்தவளும் டியூஷன் முடிந்து ஓடிவந்தவனும் கை தட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். நாமே அரைப் பேர் போடுகிறோம். சேர்கிற காசில் எல்லாப் பிள்ளைக்கும் ஒரே மாதிரி கொப்பியும் பென்சில் பெட்டியும் வாங்குங்கள். பொருளாளர் காரணம் கேட்டால் மத்தேயுவைக் காட்டுங்கள்.

வரவு இடாப்பு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பரிசு எண்ணுவதற்கு அல்ல, வராதவரைத் தேடுவதற்கு அது கட்டாயம் வேண்டும். இரண்டு ஞாயிறு தொடர்ந்து வராத பிள்ளையின் லயத்து வீட்டுக்கு அந்த வாரமே யார் போவது? பகல் சாப்பாட்டுக்கு முன்னால் அவரவர் சபையாக உட்கார்ந்து, பெயர் போட்டு எழுதிக் கொடுங்கள்.